பெயர் தெரியாத பச்சைப் பொடி

எம்.பி.பி.எஸ். முடித்து, திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தபோது என் எடை எண்பத்தாறு கிலோ. சர்க்கரைக்காரர்களிடம் “வெயிட்டக் குறைங்க” என்பேன். அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு “சரிங்க” என்பார்கள். ஜிம், பட்டினி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஒரு வைத்தியர் கொடுக்கும் பச்சைப் பொடியில் போய் நின்றேன். என்ன கலக்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நோயாளிகள் இப்படி வாங்கித் தின்றால் வார்டே அதிரத் திட்டுவேன். எனக்கென்றால் வேறு சட்டம்.

இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. தலைகால் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வைத்தியர் வீட்டு வரிசையில் எனக்கு முன்னால் ஆயக்குடியில் கொய்யா விற்கும் அக்கா ஒருவர் நின்றிருந்தார். மகனின் காய்ச்சலுக்கு என்னிடம் வந்தவர்.

“ஏனுங்க டாக்டரம்மா, நீங்களுமா இங்க வர்றீங்க?”

“ஏன், டாக்டர்னா குண்டாவே இருக்கணுமா? சூப்பரா கேக்குதுக்கா. தைரியமா வாங்குங்க.”

ஒரு வாரத்துக்கு வாங்க வந்தவர் மூன்று மாதத்துக்கு வாங்கிக்கொண்டு போனார்.

ஆறு வாரம் கழித்து அவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். கண்ணிரண்டும் மஞ்சள். பேச்சு குழறியது. ஈரல் செயலிழந்துகொண்டிருந்தது.

“எந்தப் போலிகிட்டம்மா வாங்கித் தின்ன?” என்று பெரிய டாக்டர் கத்தினார்.

அக்கா விரலைத் தூக்கி என்னைக் காட்டினார். “டாக்டரம்மாவுக்குத் தெரியுமுங்க. அவங்களும் அதத்தானுங்க... நல்லா கேக்குதுன்னாங்க...”

பெரிய டாக்டர் என் பக்கம் திரும்பினார். செவிலியர்களும் திரும்பினார்கள்.

“ஈரல் போனா மூளையும் குழம்பும்ல சார். ஆள் அடையாளம் தெரியாமப் பேசுறாங்க” என்றேன். மருத்துவப்படி பிசகே இல்லாத வாக்கியம். ஒரு நர்ஸ் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதியும் கொண்டார்.

அக்காவின் கணவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “மன்னிச்சுக்கோங்க டாக்டரம்மா. புத்தி பேதலிச்சு ஒளறுறா.” பிறகு மனைவியிடம், “வாய மூடு புள்ள, மானத்த வாங்காத!”

“பரவால்லண்ணா” என்று பெருந்தன்மையாக மன்னித்தேன்.

அக்கா அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அவரை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதத்தை எழுதியதும் நான்தான். உட்கொண்ட மருந்து என்ற இடத்தில், ‘பெயர் தெரியாத நாட்டுப் பொடி’.

மறுநாள் காலை மதுரையிலிருந்து ஒரு டாக்டர் போன் செய்தார். என் வயதுதான் இருக்கும், குரலில் தூக்கமே இல்லை.

“அந்தப் பொடி ஒரு சிட்டிகை கிடைச்சாக்கூடப் போதும் மேடம். என்ன உலோகம் கலந்திருக்குன்னு தெரிஞ்சா மாத்து மருந்து குடுத்துப் பாக்கலாம். வீட்டுல இருந்ததப் பயந்து எங்கயோ கொட்டிட்டாங்களாம். குடுத்த வைத்தியரும் வீட்டப் பூட்டிட்டு எங்கயோ போயிட்டாராம். கொஞ்சம் விசாரிங்களேன்.”

“கண்டிப்பா.”

என் சமையலறை டப்பாவில் பாதிக்குமேல் இருந்தது. மதுரை ஒன்றரை மணி நேரம். ஆனால் எங்கே கிடைத்தது என்று கேட்பார்களே. டப்பாவைத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்தேன். பச்சையாய் நுரைத்துச் சுழன்று இறங்கியது. டப்பாவை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

சாயங்காலம் நானே போன் செய்து, “எங்கயும் கிடைக்கல” என்றேன்.

“விடுங்க மேடம்” என்றார் அவர். “மத்தியானமே போயிட்டாங்க. இவ்ளோ தூரம் அலைஞ்சதுக்கு ரொம்ப தேங்க்ஸ்.”