வெறுங்கல் மேடம்

நாக்கின் நுனியை மட்டும் நீட்டிக் கல்லைத் தொட்டுப் பார்க்கிறார். கண்கள் பாதி மூடிக்கொள்கின்றன. கல்லாகிப் போன பழைய எலும்பு என்றால் நாக்கை லேசாகப் பிடித்துக்கொள்ளும். வெறும் கல் கண்டுகொள்ளாது. "கண்டுக்கலைங்க. வெறுங்கல்லு," என்று தீர்ப்பு வருகிறது.

அருங்காட்சியகத்தின் நிலவறையில், புதைபடிவமா இல்லையா என்று பார்த்துச் சொல்லும் உத்தியோகம். ஜனங்கள் ஆசையாகத் தூக்கிவரும் ஆமை, மீன்தலை, ராட்சதப் பல் எல்லாவற்றையும் கல்லாக்கித் திருப்பி அனுப்புகிறவருக்கு 'வெறுங்கல் மேடம்' என்று பெயர் விழுந்ததில் வியப்பில்லை. வீட்டிலும் நாக்கு ஓய்வதில்லை. "உப்பு பாருன்னு கரண்டியை நீட்டினா, காம்பை நக்கிப் பாக்குறா," என்பது கணவரின் நெடுநாள் முறையீடு.

ஆள் வராத வேளைகளில் மேசையில் கன்னத்தைச் சாய்த்து ஜன்னலைப் பார்த்தபடி இருப்பார். ஜன்னல் நடைபாதை மட்டத்தில் இருப்பதால் கால்கள் மட்டும் தெரியும். செருப்புகள் மீன்களாக நீந்திப் போகும். ஒரு காலத்தில் இங்கே கடல். இந்த அறை அதன் அடித்தரை. தேநீர் ஆறி ஏடு படியும்வரை மேடம் கரையேறுவதில்லை.

அன்று, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர், துண்டில் சுற்றிய உருண்டையைக் கைக்குழந்தைபோல ஏந்தி வந்தார். டைனோசர் முட்டை என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. முட்டையிட்ட கோழிகூட இத்தனை கொக்கரித்திருக்காது.

"மச்சினன் வெளியில நிக்கிறான்மா. கல்லுன்னு தெரிஞ்சா சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவான்."

மேடம் தட்டிக் கேட்டார். பூதக்கண்ணாடியில் பார்த்தார். நாக்கை வைத்தார்.

"முட்டைன்னா மேல மெல்லிசா ஓடு இருக்கணும், அதுல பொடிப்பொடியாத் துளை இருக்கணும். இதுல ஓடே இல்லை. சில்லு பேந்த இடத்துல பாருங்க, வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா மண்ணு. கல்லுதாங்க."

ஓட்டுநரின் முகம் தொங்கிப்போயிற்று. "பின்ன எப்படிம்மா இவ்ளோ உருண்டையா?"

"சேத்துல ஒரு இலையோ சிப்பியோ விழுந்திருக்கும். அதைச் சுத்திச் சுத்தியே சேறு இறுகிப் போயிருக்கும்."

"அப்போ உள்ள ஒண்ணு தூங்குது?"

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம். உடைச்சாத்தான் தெரியும்." மேடம் சுத்தியலை எடுத்தார்.

ஓட்டுநர் துண்டை இழுத்துக் கல்லைப் போர்த்தினார். "வேணாம்மா. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

படியேறிப் போனார். ஜன்னலில், வெகுநேரமாகக் காத்திருந்த ரப்பர் செருப்புகளுக்குப் பக்கத்தில் அவருடைய கால்கள் வந்து நின்றன. பிறகு ரப்பர் செருப்புகள் குதிகால் தூக்கின. கம்பிகளுக்கு நடுவே மைத்துனரின் முகம் இறங்கி வந்தது, வாயெல்லாம் பல்லாக.

"மாமா வாயே திறக்க மாட்டேங்கிறாரு. நீங்க சொல்லுங்க மேடம், வெறுங்கல்லுதானே?"

வழக்கமான வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேடம் ஆள்காட்டி விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்தார், தொட்டில் கட்டியிருக்கும் அறையில் வைப்பதுபோல.