எதிர்ப்பக்கம் சுற்றிய விசிறி

ஒரே ஆலையின் ஒரே இடத்திலிருந்து மூன்றாவது தடவையாக மோட்டார் எரிந்து வந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

அருப்புக்கோட்டையில் மோட்டார் விற்பனையும், எரிந்த சுருளை மாற்றிக் கட்டும் வைண்டிங் வேலையும் நடக்கும் ஒரு கடையில் பல வருடங்களாக இருக்கிறேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்தவள். எந்த இயந்திரத்துக்கு எத்தனை எச்.பி. மோட்டார் போட வேண்டும் என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. எண்ணெய் மில், பருப்பு மில், கல் உடைக்கிற கிரஷர், நூற்பாலை என்று எல்லா இடத்துக்கும் போயிருக்கிறேன். பெரும்பாலான ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: எரிந்துபோனதைவிடப் பெரிய மோட்டாராகப் போட்டுவிட்டால் அது எரியாது. அப்படி இல்லை. எரிந்ததற்கான காரணம் அங்கேயே இருந்தால் பெரியதும் எரியும், கொஞ்சம் தாமதமாக எரியும். அவ்வளவுதான்.

பந்தல்குடிச் சாலையில் உள்ள ஒரு நூற்பாலையிலிருந்து முதலில் பத்து எச்.பி. மோட்டார் எரிந்து வந்தது. வைண்டிங் செய்து அனுப்பினோம். மூன்று மாதத்தில் அதுவே திரும்பி வந்தது. அப்புறம் அவர்களாகவே பதினைந்து எச்.பி. வாங்கிப் போட்டார்கள். அதுவும் இப்போது கடைத் தரையில் கிடந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வார்னிஷ் கருகிய வாடை. மூன்று பேஸ் சுருளும் ஒன்றுபோலக் கறுத்திருந்தன. மின்சாரத்தில் ஏதாவது ஒரு பேஸ் மட்டும் வராமல் போயிருந்தால் இப்படி ஒரே சீராகக் கருகாது. தாங்க முடியாத எதையோ நீண்ட நேரம் இழுத்திருக்கிறது.

ஆலை மேலாளர் போனில் அவசரப்பட்டார். "ஒரு இருபது எச்.பி. அனுப்பி விட்டுருங்கம்மா. நிம்மதியாப் போகும்."

"நான் ஒருதடவ வந்து பாத்துட்டுச் சொல்றேன் சார்," என்றேன்.

வைகாசி மாதம். ஊரைத் தாண்டியதும் ஸ்கூட்டரின் கைப்பிடி கையைச் சுட்டது. சாலையின் இருபுறமும் வெடித்துக் கிடந்த கரிசல் காடு, சீமைக்கருவேலம், தூத்துக்குடிப் பக்கம் போகிற லாரிகள். ஆலைக்குள் நுழைந்ததும் ஸ்பின்னிங் பகுதியின் இரைச்சல் காதை அடைத்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள்.

நூல் ஓடுகிற தளத்துக்குக் கீழே ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சுரங்கக் கால்வாய் உண்டு. மேலே பறக்கிற பஞ்சுத்தூசியைக் காற்றோடு சேர்த்து அதன் வழியாக இழுத்து வெளியே தள்ள, கட்டடத்தின் பின்புறம் இரண்டு பெரிய விசிறிகள். அடுத்தடுத்து இரண்டு அறைகள், அறைக்கு ஒரு விசிறி. மோட்டார்கள் சுவருக்கு வெளியே நிற்கின்றன. பெல்ட் வழியாக உள்ளே இருக்கிற விசிறியைச் சுழற்றுகின்றன. முதல் அறைக்கு வெளியிலிருந்து வாசல் கிடையாது. இரண்டாவது அறைக்குள் போய், நடுச்சுவரில் இருக்கிற ஒரு சின்ன இரும்புக் கதவு வழியாகத்தான் போக வேண்டும். மறுபடி மறுபடி எரிந்தது முதல் அறை விசிறியின் மோட்டார்.

ஆலை ஃபிட்டர் முப்பது வயதுக்காரர், திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். தற்காலிகமாக ஒரு பழைய பத்து எச்.பி. மோட்டாரை மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓடுகிற மோட்டாரின் வயரில், மின்னோட்டம் அளக்கிற டாங் டெஸ்டரைக் கவ்வவிட்டுப் பார்த்தேன். பதினோரு ஆம்பியர். அந்த மோட்டார் பதினான்கு வரை தாங்கும்.

"பத்தே தாராளம்," என்றேன். "இருபது எதுக்கு? இதுக்கு வேல கொறச்சல்தான்."

"அப்ப ஏன்க்கா எரியுது?"

"ஓடும்போது எரியல. கெளம்பும்போது எரியுது. ஒருக்கா நிறுத்திட்டுப் போட்டுக் காமிங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்குத் தெனமும் நிப்பாட்டுவோம்க்கா, உள்ள பஞ்சு அள்ளுறதுக்கு. அப்பப் பாத்துக்கிருவோம். மத்த நேரத்துல வேணாம்." ஏன் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

பன்னிரண்டு ஆனது. முதல் விசிறியை நிறுத்தினார். என் பழக்கப்படி ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து மூன்று ஃபியூஸ்களையும் உருவி என் தோள்பைக்குள் போட்டுக்கொண்டேன். இனி அந்த மோட்டாருக்கு ஒரு துளி மின்சாரம் வராது. பெல்ட் ஓடுகிற புல்லி மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. நின்றது.

பிறகு எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கியது.

முதலில் தயங்கித் தயங்கி, ஒரு கை உள்ளேயிருந்து தள்ளிப் பார்ப்பதுபோல. அப்புறம் ஒரே சீராக. மோட்டாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுற்றியது. பையைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று ஃபியூஸும் இருந்தன. உச்சி வெயில், என் நிழல் காலடியில் சுருங்கிக் கிடந்தது.

ஃபிட்டர் நாலடி தள்ளிப் போய் நின்றிருந்தார். "தெனமும் இப்படித்தான்க்கா. கதவத் தேடுறாருன்னு சொல்றாக."

"யாரு?"

அப்போதுதான் சொன்னார். சில வருடங்களுக்கு முன்பு பஞ்சு அள்ளுகிற வேலை ஒரு பெரியவருடையது. பல வருடம் பஞ்சுத்தூசியைச் சுவாசித்ததில் அவருக்கு இளைப்பு உண்டு. ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு முதல் அறைக்குள் போனார். பக்கத்து அறை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அது இழுத்த இழுப்பில் இரும்புக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. உள்பக்கம் பிடித்து இழுக்க ஒரு பிடிகூட அந்தக் கதவில் இல்லை. அவர் தட்டியிருக்கிறார். ஸ்பின்னிங் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? சாப்பாடு முடிந்து ஆள் தேடியபோது கதவை ஒட்டிச் சாய்ந்து கிடந்தாராம்.

அவர் சொல்லி முடித்த இடைவெளியில், சுவருக்கு உள்ளேயிருந்து சத்தம் வந்தது. இரும்பில் விரல் மடக்கித் தட்டுகிற சத்தம். மூன்று தட்டு.

"கேட்டீகளா?" என்றார்.

"பெல்ட்டு அடிக்குது," என்றேன். பெல்ட் இறுக்கமாக இருந்தது, அடிக்க வழியில்லை. அது எனக்கும் தெரிந்தது.

ஃபியூஸ்களை மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். டாங் டெஸ்டர் தொண்ணூறு ஆம்பியருக்குத் தாவி அங்கேயே நின்றது. எதிர்ப்பக்கம் சுற்றுகிற கனமான விசிறியை முதலில் மோட்டார் நிறுத்த வேண்டும், அப்புறம் சரியான பக்கம் இழுக்க வேண்டும். நாற்பது விநாடி எடுத்தது. ஆறே விநாடியில் முடிய வேண்டிய காரியம். மின்னோட்டம் அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கிற ரிலே இடையில் விழுந்து மோட்டாரைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ரிலேயைப் பார்த்தால், அதன் திருகு கடைசி எண்ணில் இருந்தது.

"டிரிப் ஆயிக்கிட்டே கெடந்துச்சுக்கா. அதான் திருகி விட்டேன்," என்றார் ஃபிட்டர், தலையைக் குனிந்துகொண்டு.

மோட்டார் எரிகிற காரணம் கிடைத்துவிட்டது. விசிறி எதிர்ப்பக்கம் ஏன் சுற்றுகிறது என்பதைப் பார்க்க உள்ளே போக வேண்டும். மறுபடி நிறுத்தச் சொல்லி, ஃபியூஸ்களை உருவிக்கொண்டேன். ஃபிட்டர் வர மறுத்தார். "பஞ்சு அள்ளுற அக்கா வருவாக. அவுக மட்டுந்தான் உள்ள போவாக," என்றார்.

ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா துடைப்பமும் சாக்குமாக வந்தார். தலையில் பஞ்சு நரைபோலப் படிந்திருந்தது. முன்னால் நடந்தார். இரண்டாவது அறைக்குள் நுழைந்ததும் காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. நடுச்சுவரில் அந்த இரும்புக் கதவு. அது முழுக்கத் திறந்து, உள்பக்கச் சுவரில் அடித்த ஒரு ஆணியோடு சேலைக் கிழிசலால் கட்டப்பட்டிருந்தது. ஒரு கட்டு இல்லை. பழைய கட்டின் மேல் புதுக்கட்டு, அதன் மேல் இன்னொன்று. அடியில் இருந்தவை மட்கி நிறம் போயிருந்தன. மேலே இருந்தது போன வாரம் கட்டியதுபோலப் புதுப் பச்சை.

விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. கதவு திறந்தே இருப்பதால், முதல் விசிறி நின்றதும் இரண்டாவது விசிறி இந்த வாசல் வழியாக இழுக்கிறது. முதல் விசிறி காற்றை வெளியே தள்ளுகிற வாய் வழியே வெளிக்காற்று தலைகீழாக உள்ளே புகுகிறது. வருகிற வழியில் இறக்கைகளைத் திருப்பிவிடுகிறது. அவ்வளவுதான். ஆவியும் இல்லை, ஒன்றும் இல்லை.

"இதக் கட்டுறது யாரு?" என்று கேட்டேன்.

"நாந்தான் தாயி." அவர் முடிச்சை விரலால் நெருடிப் பார்த்துக்கொண்டார். "உள்ள கெடந்தது எங்க வீட்டுக்காரரு. அப்புறந்தான் எனக்கு இந்த வேல குடுத்தாக. அன்னைக்கி நானும் மில்லுலதான் இருந்தேன், கேண்டீன்ல. அம்புட்டுப் பக்கத்துல. அவுக தட்டுனது எனக்குக் கேக்கல."

நானும் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன்.

"இப்பக் கேக்குது," என்றார், சர்வ சாதாரணமாக. சாக்கை விரித்துப் பஞ்சை அள்ளத் தொடங்கினார்.

மேலாளரிடம் விவரம் சொன்னேன். இருபது எச்.பி. வேண்டாம், பத்தே சரி, விசிறி எதிர்ப்பக்கம் சுற்றுவதை நிறுத்தினால் போதும் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அம்புட்டுத்தானா! கதவச் சாத்திப் பூட்டிட்டாப் போச்சு."

அலுவலக ஜன்னலுக்கு வெளியே அந்த அம்மா கூட்டிக்கொண்டிருந்தார். துடைப்பம் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நின்றுவிட்டார்.

கணக்கின்படி மேலாளர் சொன்னது சரிதான். எளிய வழியும்கூட. நான் படித்ததும் அதைத்தான் சொல்லும். ஆனால் அந்தப் பச்சைக் கிழிசல் கண்ணுக்குள் நின்றது. "பூட்டக் கூடாது சார்," என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. "உள்ள ஆள் போற எடம். கதவே வேணாம், கழட்டிருங்க. வெளிய, விசிறி காத்துத் தள்ளுற வாயில தகடு ஷட்டர் ஒண்ணு போடுவோம். விசிறி ஓடுனாத் தெறக்கும், நின்னா அதுவா மூடிக்கிரும். எதிர்க்காத்து வராது."

மேலாளர் கொஞ்சம் யோசித்தார். பழைய சாவு அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "செய்யுங்க," என்றார்.

இரண்டு வாரத்தில் புது மோட்டார் வந்தது, பத்து எச்.பி. ஷட்டர் மாட்டினோம். ரிலேயை நானே சரியான எண்ணில் வைத்தேன். இரும்புக் கதவைக் கீலோடு அறுத்து எடுத்து, சட்டத்தையும் பெயர்த்து, ஆலை வண்டியில் ஏற்றிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினார்கள். வண்டி கேட்டைத் தாண்டிப் போவதை நான் பார்த்தேன். நடுச்சுவரில் வெறும் சதுர வாசல் மட்டும் மிச்சம்.

பன்னிரண்டு மணிக்குச் சோதனை. புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். நிறுத்தச் சொன்னேன். புல்லி வேகம் குறைந்து நின்றது. ஷட்டர் தகடுகள் படிந்து மூடிக்கொண்டன. மேலாளர், ஃபிட்டர், நான், அந்த அம்மா, நால்வரும் வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கோடு நகரவில்லை.

ஃபிட்டர் பெருமூச்சு விட்டார். அப்போது உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. மூன்று தட்டு, இரும்பில் தட்டுவதுபோலவே.

ஷட்டராக இருக்கும் என்று கையை வைத்துப் பார்த்தேன். அலுமினியத் தகடுகள், ஓரத்தில் ரப்பர். அசைவே இல்லை. மேலாளர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதா என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். வெறும் வாசலின் முன் நின்று, வீட்டுக்குள் இருப்பவரிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"தொறந்துதான் கெடக்கு. கதவே இல்ல இப்ப. வாங்க."

சிறிது நேரம் காத்து நின்றார். பிறகு யாருக்கோ வழி விடுவதுபோல ஒரு பக்கமாக ஒதுங்கினார். அவர் ஒதுங்கிய பக்கத்தில்தான் நானும் நின்றேன். என்னைத் தாண்டி எதுவும் போனதாக நான் சொல்ல மாட்டேன். என் கைமயிர் எழுந்து நின்றது, அது மட்டும் உண்மை.

அன்று மோட்டார் ஆறு விநாடியில் வேகம் பிடித்தது. ஓட்டத்தில் பதினோரு ஆம்பியர். அதற்குப் பிறகு இரண்டு கோடைகள் தாண்டிவிட்டன, எரியவில்லை. அந்த அம்மா அந்த வருடமே வேலையை விட்டுவிட்டு, காரியாபட்டியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது நன்றாகவே இருந்தாராம். ஃபிட்டர்தான் சொன்னார்.

சென்ற மாதம் மேலாளர் கூப்பிட்டார், கம்ப்ரஸர் மோட்டார் ஒன்று மாற்ற வேண்டும் என்று. விவரம் சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"ஒரு சந்தேகம்மா. அந்த ஃபேன் ரூமுக்குள்ள இரும்புச் சாமான் எதுவும் விட்டுட்டு வந்தீகளா?"

"இல்லையே சார். எதுக்குக் கேக்குறீக?"



"ஒண்ணுமில்ல. புதுசா வந்தவன் ஒருத்தன் பகல்ல உள்ள போக மாட்டேங்குறான்," என்றார். "நானும் பன்னெண்டு மணிக்குப் போயி நின்னு பாத்தேன். மூணு தட்டு கேட்டுச்சு. சரி, விடுங்க."

கம்ப்ரஸர் மோட்டாரின் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு எண்ணாக, நிதானமாக வாசித்தார். நான் எழுதிக்கொண்டேன்.