வர்ணம் பூசாத வேப்பந்தளிர்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது, எங்கள் அரசாங்கக் கந்தோரில் படம் கீறும் சந்தியாப்பிள்ளை அண்ணை தம் ஊரான தோட்டவெளியில் காலமான செய்தி வந்தது. அவரோடு வேலை செய்தவர்களிடம் ஒளிப்பானேன்? எனக்கு முதலில் வந்தது கோபம். அந்த வேப்பமரப் படத்தை முடிக்காமலே போய்விட்டாரே.

மரங்களைப் பற்றிய ஒரு புத்தகத்துக்காக, தளிர்விட்ட வேம்பை வர்ணத்தில் கீறித் தரும்படி கந்தோர்த் துரை கேட்டிருந்தார். நன்றாக வந்தால் கொழும்பில் நிரந்தர உத்தியோகம். இங்கே அண்ணைக்குத் தற்காலிக வேலை, வீட்டில் ஐந்து பிள்ளைகள். கந்தோர் வாசல் மரத்தை அடியும் கொப்புமாக ஒரே காலையில் கீறினார். தளிர் செப்பு நிறத்தில் இருப்பது நாலைந்து நாள்தான். அது அரும்பிய கிழமையே விபூதிப் புதன் வந்தது. மனிதர் வர்ணப்பெட்டியை மூடிவிட்டார்.

அன்றிலிருந்து உயிர்த்த ஞாயிறுவரை நாற்பது நாள் தவக்காலம்; கத்தோலிக்கர்கள் விருப்பமான ஒன்றை விடுவார்கள். மற்றவர்கள் இறைச்சியை விட்டார்கள், கள்ளை விட்டார்கள்.

“இறைச்சி விடுறது எனக்குக் கஷ்டமில்லைத் தம்பி. எனக்கு ஆசையெண்டால் நிறம் ஒண்டுதான்.”

“நீங்கள் விடுறது உத்தியோகத்தை அண்ணை,” என்றேன். சிரித்தார்.

நாற்பது நாள் முடிந்தபோது மரம் முழுப் பச்சை. நினைவில் உள்ளதைப் பூசும்படி கெஞ்சினேன். கண்முன் இல்லாத நிறத்தைப் பூசமாட்டாராம். துரை அடுத்த மாசிவரை தவணை கொடுத்தார். அடுத்த மாசியிலும் அதே கூத்து. பொறுக்கமாட்டாமல், முஸ்லிமாகிய நானே அவருடைய மாதா கோயிற் சுவாமியாரிடம் போய், கந்தோர் வேலைக்கு வர்ணம் பூசுவது பாவமில்லை என்று கடிதம் வாங்கி வந்தேன். அண்ணை அதை வாசித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“சுவாமி பூசலாமெண்டு விட்டுட்டார். நான் ஆண்டவருக்குக் குடுத்த சொல்லை ஆர் திருப்பித் தாறது?”

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் மரத்தடியில் நிறுத்தி, ஒரு கொப்பைத் தாழ்த்திக் காட்டினார். நுனியில் செம்பு, கீழே தேன், அதற்கும் கீழே இளம்பச்சை. நாளைக்கு இது இராது என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்போதும் நான், கீறித் தொலையுங்கோவன் என்று சத்தம் போட்டேன். பச்சை வேம்பு கீறி அனுப்பிய வேறொருவருக்குக் கொழும்பு உத்தியோகம் போய்ச் சேர்ந்தது.

சேமக்காலையில் அவருக்கு மண் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கெட்ட பழக்கம். எத்தனையோ வருடம் அந்த வாசலால் போய்வந்தும் முன்பெல்லாம் எனக்கு வேம்பென்றால் பச்சைதான். இப்போது மாசி பிறந்தால் மரத்தடியில் நின்று நுனியைப் பார்க்காமல் உள்ளே போக முடியவில்லை. இந்தக் கிழமை மட்டும் மூன்று தரம் பிந்திவிட்டேன். பெரிய கிளாக்கர் காரணம் கேட்கிறார். இதுவரை உங்களைக் காட்டித் தப்பினேன்; இனி நான் யாரைக் கைகாட்டுவேன், அண்ணை?