ஞாயிற்றுக்கிழமை பூட்டாத வண்டி

எங்கள் அடுக்களைச் சுவரில், சுளகு தொங்கும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பூட்டாங்கயிறு தொங்குகிறது. வண்டிமாட்டின் கழுத்தை நுகத்தடியோடு சேர்த்துக் கட்டுவார்களே, அந்தக் கயிறு. பனைநாரில் முறுக்கியது. கை பட்டுப் பட்டுக் கறுத்து வழவழத்துப் போய்விட்டது. இப்போது வீட்டில் மாடும் இல்லை, வண்டியும் இல்லை. தொழுவம் இருந்த இடத்தில் என் தம்பியின் மோட்டார் கார் நிற்கிறது. "இது எதுக்கு அத்தை, அடுப்புல போட்டுருவோமா?" என்று தம்பி மகள் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கேட்டுவிடுவாள். "கை வச்சுத்தான் பாரேன்" என்பேன். கிழவிக்குக் கிறுக்கு என்று நினைத்துக்கொள்வாள். நினைக்கட்டும். கயிற்றின் ஒரு முனையில் ஒரு முடிச்சு இருக்கிறது. அது எங்கள் அப்பா போட்டது.

அப்பா திசையன்விளைக்குத் தெற்கே ஒரு சிறு சபைக்கு உபதேசியாராக இருந்தார். குருவானவர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் ஜெபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும், யார் ஒழுங்காக இருக்கிறார்கள், யார் இல்லை என்று கவனிப்பதும் அப்பாதான். ஓய்வுநாள் விஷயத்தில் அவர் இரும்பு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. சனிக்கிழமை வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, அதைத்தான் சாப்பிடுவோம். ஊசியில் நூல் கோக்கக் கூடாது. முற்றத்தில் உதிர்ந்த முருங்கைக்காயைக்கூடத் திங்கட்கிழமைதான் பொறுக்கவேண்டும். நானும் சாமான்யப்பட்டவள் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஞாயிற்றுக்கிழமை தலை பின்னினாலும் அப்பாவிடம் போய்ச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். பத்து வயதில் எனக்கு அப்படி ஒரு பக்தித் திமிர்.

இதில் பெரிய சங்கடம் பனையேறிகளுக்கு. பதநீர்க் காலத்தில் பாளையை ஒரு நாள் சீவாமல் விட்டாலும் அது காய்ந்துபோகும். பனைக்கு ஞாயிறு தெரியுமா? ஒரு பனையேறி, வீட்டில் ஐந்து பிள்ளைகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே யாருக்கும் தெரியாமல் ஏறி இறங்கிவிட்டார். அப்பாவுக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்த ஞாயிறு சபை நடுவே அவர் பெயரைச் சொல்லி, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்திலிருந்து தள்ளி வைத்தார். அந்த மனிதர் அன்றிலிருந்து வாசற்படிக்கு அருகே கடைசியில் உட்காருவார். மழைக்காலத்தில் பனைத்தொழில் கிடையாதாகையால், அந்த மாதங்களில் வண்டி ஓட்டுவார். அவரை வண்டிக்கார மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து எட்டோ ஒன்பதோ வருஷம் இருக்கும். கிறிஸ்துமஸ் கழிந்த தை மாதம். அம்மாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஓர் ஆசை, திருநெல்வேலி டவுணைப் பார்க்கவேண்டும்; அதைவிட, ஓடுகிற ஆற்றைப் பார்க்கவேண்டும். எங்கள் செம்மண் காட்டில் தண்ணீர் என்றால் கிணற்று ஆழத்தில் தெரிகிற ஒரு வட்டம், அவ்வளவுதான். "ஆறுன்னா என்ன, கெடக்குற தண்ணியா, போற தண்ணியா?" என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். கடைசியில் அப்பா இளகினார். வண்டிக்கார மாமாவின் இரட்டை மாட்டுக் கூண்டு வண்டியில் வீட்டையே ஏற்றினோம். பாய், தலையணை, அரிசி, கருப்பட்டி, சட்டி பானை எல்லாம் கூண்டுக்குள். அரிக்கேன் விளக்கும் தண்ணீர்க் குடமும் வண்டிக்குக் கீழே கட்டித் தொங்கின. மூன்று வயதுத் தம்பிக்குக் கூண்டு வளையில் தொட்டில். அப்பாவும் மாமாவும் வழியெல்லாம் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். தள்ளி வைத்த விஷயத்தை இருவருமே எடுக்கவில்லை.

வியாழன் விடியலில் புறப்பட்டு வெள்ளி மாலை பாளையங்கோட்டை சேர்ந்தோம். சனிக்கிழமை காலையில் வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் அம்மா, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று இறங்கியேவிட்டாள். பின்னால் வந்த வண்டிக்காரன் ஒருவன் வாய்க்கு வந்தபடி ஏசினான். அம்மா காதில் அது விழவே இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றாள். "எம்மா, எவ்வளவு தண்ணி! போய்க்கிட்டேல்லா இருக்கு! நம்ம ஊருக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தா இதுக்கு என்ன கொறஞ்சா போவும்?" என்றாள். அப்பா சிரித்தார். அப்பா சிரித்து நான் பார்த்தது குறைவு, அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

டவுணில் ரதவீதி நான்கையும் சுற்றினோம். நிலையில் நின்ற தேரின் சக்கரம் அம்மாவைவிட உயரம். பக்கத்தில் நின்று தன் உயரத்தை அளந்து பார்த்துச் சிரித்தாள். கோவில் கோபுரத்தைத் தெருவில் நின்றபடியே பார்த்தோம். உள்ளே ஒரே கல்லில் செதுக்கிய தூண்கள் உண்டு, தட்டினால் பாடும் என்று யாரோ சொல்ல, அம்மாவுக்குக் கேட்கவேண்டும்போல இருந்திருக்கிறது. கேட்க வழியில்லை. ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் விலை சொல்லாமல் சேலை சேலையாக விரித்துக் காட்டிக்கொண்டே இருந்தார். "வாங்கவா போறோம், மடக்கி வைங்க அண்ணாச்சி" என்று அம்மா சொல்ல, "பார்க்கதுக்கு என்னம்மா, பாருங்க" என்றார். அந்த ஒரு நாள் முழுக்க அம்மா சின்னப் பெண்ணாக இருந்தாள்.

பாலம் கடந்து பாளையங்கோட்டைக்குத் திரும்பி, ஞாயிறு ஆராதனைக்கு அங்கே இருப்பது என்று திட்டம். ஆனால் சேலைக்கடையில் நேரமாகிவிட்டது. பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிட்டதாகவே அப்பாவுக்கு அர்த்தம். அதன் பிறகு சக்கரம் உருளக்கூடாது. ஆகவே டவுண் பக்கத்துக் கரையிலேயே, குறுக்குத்துறைக்கு அருகே ஒரு மருதமரத் தோப்பில் மாட்டை அவிழ்த்தோம். அம்மாவுக்கு இதில் சந்தோஷம்தான். ஆற்றில் இறங்கி முகம் கழுவினாள். இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தாள். கருப்பட்டி போட்டதுபோல இருக்கிறது என்றாள்.

விடியும்போது அம்மாவுக்கு வாந்தியும் பேதியும். வெயில் ஏறுவதற்குள் எத்தனை தடவை என்று சொல்ல முடியாது. கண் குழி விழுந்துவிட்டது. வண்டிக்கார மாமா ஒன்றும் கேட்காமல் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். திரும்பி வந்து, "அங்கனயும் இதே சீக்குதான் அய்யா, நெறஞ்சு கெடக்கு கூட்டம். மருந்து குடுக்குற டிரெசர் வர முடியாதாம். உடனே கொண்டாங்கன்னு சொல்லுதாவ" என்றார். மாமா நுகத்தடியைத் தூக்கினார். "அய்யா, நான் பூட்டுதேன். பாவம்னா அது எனக்கு இருக்கட்டும். நான்தான் ஏற்கெனவே தள்ளி வச்ச ஆளுல்லா. காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டினேன், வைக்கோல் போட்டேன். அது மட்டும் வேலை இல்லையா?"

அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, "வேண்டாம் வே, உமக்கு வேண்டாம். நானே பூட்டுதேன்" என்று கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கினார். ஜோடியில் செவலைக்காளையை முதலில் இழுத்து அதன் கழுத்தை நுகத்தடிக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார். கயிறு ஒரு சுற்று சுற்றியாயிற்று. அப்போது நான் சொன்னேன்: "அப்பா, இன்னைக்கு ஓய்வுநாள்லா!"

ஏன் சொன்னேன்? இத்தனை வருஷமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். அம்மா சாகக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா மறந்துவிட்டார், நான் ஞாபகப்படுத்துகிறேன் என்று நினைத்தேன். மெச்சுவார் என்றுகூட நினைத்தேன். பாவி, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அப்பாவின் கை நின்றது. சுற்றிய கயிற்றை அவிழ்த்தார். பிறகு வண்டிக்குள் குனிந்து அம்மாவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நடப்பதற்குத் தடை இல்லையே! ஆற்றங்கரை மணலில் கொஞ்ச தூரம் போயிருப்பார். அம்மா அவர் தோள்மேலேயே வாந்தி எடுத்தாள். கெண்டைக்காலில் குரக்குவலி பிடித்து இழுக்க, "கீழ விடுங்க, தாங்கல" என்று அலறினாள். தூக்கிக்கொண்டு போனவர் தூக்கிக்கொண்டே திரும்பி வந்தார். படுக்க வைத்ததும் அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பூட்டாதிய. ஊருல ஒரு வாய் சும்மா இருக்காது. அந்த மனுசனத் தள்ளி வச்சவரு, தனக்குன்னதும் பூட்டிட்டாருன்னு பேசுவாவ. எனக்குச் சரியாயிரும்." வண்டிக்கார மாமா அதைக் கேட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

அதன் பிறகு நெடுநேரம் அப்பா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்தார். நான் தம்பிக்குப் பழைய சோறு ஊட்டினேன். மேற்கே வெயில் சாய்ந்தபோது அம்மாவின் குரல் போய்விட்டது. விரலெல்லாம் நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கிவிட்டது. பொழுது அடைய இன்னும் நேரம் இருந்தது. அப்பா எழுந்தார். மாட்டை இழுத்து வந்து கயிற்றைக் கட்டினார். அவருக்குக் கட்டத் தெரியவில்லை. வாழ்நாளில் மாடு பூட்டியவரா? போட்ட முடிச்சு மாடு தலையை ஆட்டியதும் நழுவிற்று. மறுபடியும் கட்டினார், மறுபடியும் நழுவிற்று. மாமா வந்து, "பைய, பைய அய்யா" என்று அவர் கையை விலக்கிவிட்டு ஒரு நொடியில் இரண்டு மாட்டையும் கட்டினார். மாடுகள் ஓடின. பாலத்தின் நடுவே அம்மாவின் தலை என் மடியில் கனத்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே ஆறு போய்க்கொண்டேதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் டிரெசர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலையிலேயே கொண்டு வந்திருந்தா ஒருவேளை" என்றார். ஒருவேளைதான். நிச்சயம் என்று அவரும் சொல்லவில்லை. அந்த ஒருவேளைதான் என்னை இன்றுவரை அரிக்கிறது.

ஊருக்கு வந்த அடுத்த ஞாயிறு அப்பா சபை நடுவே எழுந்து நின்றார். அந்த மனிதரைத் தள்ளி வைத்தது என் மனக்கடினம்; அதே கடினத்தால் என் பெண்சாதியைச் சாகவிட்டேன்; அவரைத் திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், என்னை நிறுத்துங்கள் என்று சொன்னார். நான் பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்தது என் பெயர், இதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நான் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

உபதேசியார் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தோடு நின்றுகொண்டார். வண்டிக்கார மாமாவிடம் போய் மாடு பூட்டக் கற்றுக்கொண்டார். அன்றைய கயிற்றையும் கேட்டு வாங்கி வந்தார். பிறகு ஒரு வண்டி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை எந்த வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும், பிரசவ வலி என்றாலும், கூப்பிடுமுன்னே அப்பா வண்டி வாசலில் நிற்கும். ஆராதனை நடுவிலும் எழுந்து போயிருக்கிறார். ஊர் பேசியது. அம்மா பயந்த பேச்சுத்தான். அப்பா காதில் வாங்கவே இல்லை. எனக்கோ அவர்மேல் கோபம் ஆறவில்லை. இதை அன்றைக்கே செய்திருந்தால் என்ன என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். அந்தக் கோபத்தில் பாதி என்மேல் என்பது புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

கடைசி நாட்களில் அப்பாவுக்கு நினைவு தடுமாறியது. "பூட்டு, பூட்டு, நேரமாச்சு" என்று கத்துவார். வண்டி போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அடக்க முடியாமல் ஒரு நாள் இந்தக் கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கத்தல் நின்றது. பக்கத்தில் இருந்த கட்டில் காலைத் தடவிப் பிடித்து, இரண்டு சுற்று சுற்றி, பார்க்காமலே முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார். நழுவவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தடுமாற்றம் இல்லை. "ஏட்டி, நீ சொன்னதுனால இல்ல. நீ சொல்லாட்டாலும் நான் அன்னைக்குக் காலையில பூட்டியிருக்க மாட்டேன். வெளங்குதா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தார்.

முடிச்சு அவிழாதபடி கட்டில் காலிலிருந்து கயிற்றை உருவி எடுத்து ஆணியில் மாட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை தம்பி, பிள்ளைகளுக்கு டவுணைக் காட்டவேண்டும் என்று எல்லோரையும் மோட்டாரில் ஏற்றினான். அம்மாவின் முகம் அவனுக்கு ஞாபகம் இல்லை. காலையில் கிளம்பினோம், பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்த ஒரு பாட்டு முடிவதற்குள் மோட்டார் பாலத்தைக் கடந்துவிட்டது. ஆற்றை எட்டிப் பார்க்கக்கூட நேரம் இல்லை. வீட்டுக்கு வந்து விளக்கேற்றியதும் இந்த ஆணிக்கு முன்னால் வந்து நின்றேன். அன்று காலை செவலைக்காளையின் கழுத்தில் கயிறு ஒரு சுற்று ஏறியதை நான் கண்ணால் பார்த்தவள். என் அப்பா பொய்யே சொல்லாதவர். ஒன்றே ஒன்று சொன்னார், அதை எனக்காகச் சொன்னார்.