அச்சில் வராத ஒன்பது

காட்டுப்பாக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் லேபில் பானுப்பிரியா கல்ச்சர் ரிப்போர்ட் போடுகிறாள். கிருமி எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பன்னிரண்டு மருந்துகளுக்கும் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். சாதாரண மாத்திரைக்கே கிருமி அடங்கினால் அச்சில் மூன்று பெயர்தான் வரும். பெரிய மருந்துகள் ஒன்பதும் திரையோடு நின்றுவிடும்.

"கண்ல பட்டா எழுதிடுவாங்க. எழுதி எழுதித்தான் அதுவும் வேலை செய்யாமப் போகுது. நெஜமாவே தேவைப்பட்டா டாக்டருங்க போன் பண்ணிக் கேக்கட்டும்" என்று லேப் டாக்டர் அகல்யா சொல்லியிருந்தார். பானுப்பிரியாவுக்கு அது சரியாகவே பட்டது. அப்பாவின் சிறுநீர் லேபுக்கு வரும்வரை.

அப்பா உலகநாதன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்ந்தவர். சில நாட்களாக எரிச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு பாத்ரூமில் நிற்கிறார். அவருடைய கிருமி பன்னிரண்டுக்கும் அடங்கியது. மூன்றுதான் அச்சானது. அகல்யாவுக்குப் போன் செய்ய எடுத்து, என்ன கேட்பது என்று தெரியாமல் வைத்துவிட்டாள். ரிப்போர்ட்டில் தவறு ஒன்றும் இல்லை.

அவரைப் பார்க்கும் டாக்டர் மூன்றில் ஒன்றை எழுதினார். உலகநாதன் அதைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு ஏகாம்பரத்தின் பழைய ரிப்போர்ட்டை வாங்கி வந்து மடியில் விரித்திருந்தார். சாதாரண மாத்திரைக்கு அடங்காத கிருமி அவருக்கு; அதனால் அதில் பக்கம் நிறைய மருந்து.

"அவுருக்கு இம்மா நீட்டு. எனுக்கு மூணு லைனு. ஸ்டாஃபோட அப்பன்தானேன்னு கொறைச்சிட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல நைனா. இது போதும்."

"போதும்னா? ரேஷன் கடையா அது? பெர்சா ஒண்ணும் இல்லியா எனுக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இத்தனை காலம் யாரும் அவளிடம் கேட்டதில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

"கீது. ஒன்பது கீது. அச்சுல வராது. தனியா எடுத்து வச்சிக்கிறாங்க."

அவர் நிமிர்ந்தார். "எதுக்கு?"

"பின்னால தேவப்படும்னு."

"என் பேர்லயா?"

யார் பேரிலும் இல்லை, எல்லோருக்குமாக என்று சொல்ல வேண்டும். எல்லோரும் என்றால் யார்? திரையில் பார்த்ததைச் சொன்னதே சரியா? சொல்லாமல் விட்டால் இவர் மாத்திரையைத் தொடுவாரா?

"ம்" என்றாள்.

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

மாத்திரையைப் போட்டுத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். பிறகு ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வாசலுக்குப் போனார். பானுப்பிரியாவும் பின்னாலேயே போனாள்.

"அண்ணாத்தே, உனுக்கு எல்லாத்தையும் காட்டிட்டாங்க. எனுக்குத் தனியா எடுத்து வச்சிக்கிறாங்க."

ஏகாம்பரம் அவளைப் பார்த்தார். "இன்னாமா இது, ஆளப் பாத்தா வைக்கிறாங்க? எனுக்கும் கொஞ்சம் வைக்கச் சொல்லு."

"வச்சிக்கிறாங்க மாமா" என்றாள். சொன்ன பிறகுதான், எல்லோருக்கும் என்றால் அதில் இவரும்தானே, இது பொய் இல்லையே என்று தோன்றியது.