அத்தை அன்னிக்குத் திட்டல

மூணு வருஷம் ஆச்சு. மைசூர் விஜயநகர்ல எங்க வீட்டுல, தசரா முடிஞ்ச நாலாம் நாள் காலையில நடந்தது இது. என் வீட்டுக்காரருக்குக்கூட முழுசாத் தெரியாது. அதனாலதான் பேர் போடாம எழுதறேன்.

என் மாமியாருக்கு அப்போ எண்பத்தோரு வயசு. நான் அத்தைன்னுதான் கூப்பிடுவேன். ராமாபுரத்துல பொறந்து, ரயில்வேயில வேலை பார்த்தவரைக் கட்டிக்கிட்டு பதினெட்டு வயசுல மைசூருக்கு வந்தவங்க. மாமா திடீர்னு போய்ச் சேர்ந்தப்ப மூணு புள்ளைங்களும் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டிருந்தாங்க. அந்த வேலைக்குப் பதிலா அத்தைக்கு ரயில்வே ஆபீஸ்ல பியூன் வேலை கொடுத்தாங்க. படுக்கையில கிடந்த அவங்க மாமியார், காலேஜ் படிக்க வந்த ரெண்டு கொழுந்தனாருங்க, மூணு புள்ளைங்க, இத்தனை பேருக்கும் விடியறதுக்குள்ள சமைச்சு வெச்சுட்டு, நாள் பூரா ஆபீஸ்ல ஃபைல் தூக்கினவங்க. அந்த வீட்டுல கல்யாணம்னாலும் சரி, யாராவது மனை வாங்கறதுன்னாலும் சரி, முதல் போன் அத்தைக்குத்தான் வரும். அவங்க "ம்"னு சொன்னாத்தான் அடுத்த வேலை.

ஆனா வாய் இருக்கே, அப்பப்பா! திட்டாம ஒரு வேளை சோறு போட்டது கிடையாது. அதுலயும் ஒரு வசவு நாக்கு நுனியிலேயே இருக்கும். "உசிர எடுக்காத!" பால்காரர் லேட்டா வந்தா அது. டிவி ரிமோட் வேலை செய்யலன்னா ரிமோட்டுக்கும் அதுதான். பிள்ளையாரைப் பார்த்தே ஒருநாள் "நீயும் என் உசிர எடுக்காத"ன்னு சொல்லிட்டு சூடம் காட்டினாங்க. நான் திருச்சிப் பக்கத்துக்காரி, டீச்சர், எனக்கும் மூக்குக்கு மேல கோவம் வரும். கல்யாணமான புதுசுல அந்த வார்த்தையைக் கேட்டுட்டு பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன்.

அப்புறம்தான் ஆளைப் புரிஞ்சுக்கிட்டேன். எனக்கு முதல் குழந்தை தங்காம போனப்ப, துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரங்களை எல்லாம் அத்தை வராந்தாவிலேயே உட்காரவெச்சு, காபி கொடுத்து, அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க. "அவளை யாரும் ஒண்ணும் கேக்க வேண்டாம்" அவ்வளவுதான். ஒரு மாசம் என் துணியை வாஷிங் மெஷின்ல போடாம கையால துவைச்சாங்க. என் அம்மாகூட அப்படிச் செஞ்சிருப்பாங்களான்னு தெரியல.

சரி, அந்தக் காலைக்கு வர்றேன். தசராவுக்கு வந்திருந்த பத்து பேர் முந்தின நாள்தான் கிளம்பிப் போயிருந்தாங்க. எனக்கு இடுப்பு கழண்டு போயிருந்தது. என் வீட்டுக்காரர் வேலை விஷயமா காலையிலேயே குண்டலுபேட்டை போயிட்டார். பொண்ணு பெங்களூர் ஹாஸ்டல்ல. வீட்டுல நானும் அத்தையும் மட்டும்.

அஞ்சு மணிக்கே எழுந்திருக்கிறவங்க ஏழாகியும் ரூமை விட்டு வரல. பத்து பேர் வந்துபோன அலுப்புன்னு நினைச்சேன். கால் வீங்கி செருப்பு நுழையலன்னு ரெண்டு நாளா சொல்லிட்டிருந்தாங்க. அதையும் அலுப்புக் கணக்குலயே சேர்த்துட்டேன். வாசல்ல நின்னு "அத்தை, காபி"ன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு "மாத்திரை போடணும், எழுந்திருங்க"ன்னேன். மூணாவது தடவை காபியைச் சூடு பண்ணி கையிலேயே எடுத்துட்டுப் போனேன். ரெண்டு தலகாணியை அண்டக் கொடுத்து, சுவத்தைப் பார்த்து சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தாங்க. முகம் எனக்குத் தெரியல. "எத்தனை தடவை கூப்பிடறது அத்தை, எனக்கும் உடம்புதானே?"ன்னு கேட்டேன். திரும்பாமலே, ரொம்ப மெதுவா, "உசிரு எடுக்க..."ன்னு இழுத்தாங்க. அதுக்கு மேல என்ன சொன்னாங்கன்னு நான் கேட்கவே இல்ல. எனக்குத்தான் அந்த வசவு மனப்பாடமாச்சே! மிச்சத்தை நானே போட்டுக்கிட்டேன்.

டம்ளரை ஸ்டூல் மேல டங்குன்னு வெச்சுட்டு வெளியே வந்துட்டேன். வேணும்னா அவங்களே கூப்பிடட்டும்னு வீம்பு. சமையல்கட்டுல ரேடியோவைச் சத்தமா வெச்சு, அவசரமே இல்லாத அவரைக்காயை உட்கார்ந்து நறுக்கினேன். முழுசா ஒரு மணி நேரம்.

எட்டரைக்கு பாத்திரம் தேய்க்கிற அம்மா வந்தாங்க. அவங்க கன்னடக்காரங்க. பெருக்கறதுக்கு அத்தை ரூமுக்குப் போனவங்க துடைப்பத்தைப் போட்டுட்டு ஓடி வந்தாங்க. "அக்கா! அஜ்ஜிகெ உசிரு தகொள்ளக்கே ஆக்தில்வந்தே!"

பாட்டிக்கு மூச்சு விட முடியலையாம்.

கன்னடத்துல உசிருன்னா மூச்சு. மூச்சு இழுக்கறதை உசிரு எடுக்கறதுன்னுதான் சொல்வாங்க. அறுபது வருஷமா மைசூர்ல இருந்த அத்தை பேசினதுல பாதிக்குப் பாதி அப்படித்தான். முடியலன்னு சொல்ல மாட்டாங்க, ஆகலம்பாங்க. நடக்க ஆகல, தூங்க ஆகல. "உசிரு எடுக்க ஆகல"ன்னு என்கிட்ட சொல்லியிருக்காங்க. இருபத்திரண்டு வருஷம் கூட இருந்த என் காதுல "உசிர எடுக்காத"ன்னு விழுந்திருக்கு. பாத்திரம் தேய்க்க வந்தவங்களுக்கு ஒரு தடவையிலேயே புரிஞ்சுது.

ஓடினேன். உதடு நீலமா இருந்தது, புடவை முந்தானை வேர்வையில தெப்பமா நனைஞ்சிருந்தது. காபி ஆடை கட்டி அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். இதயம் சரியா வேலை செய்யல, நுரையீரல்ல தண்ணி சேர்ந்திருக்குன்னாங்க. எவ்வளவு நேரமா இப்படி இருக்குன்னு டாக்டர் கேட்டார். "இப்பதான், பத்து நிமிஷமா"ன்னேன். பொய் அப்படி வாயில தயாரா இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதே பொய்யைத்தான் வீட்டுக்காரர்கிட்டயும் சொன்னேன். அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீ இருந்ததால உடனே கொண்டு வர முடிஞ்சுது"ன்னு அழுதார்.

ரெண்டு நாள் இருந்தாங்க. மூஞ்சி மேல மாஸ்க், பேச விடல. ரெண்டாம் நாள் மத்தியானம் வாயை நனைக்கறதுக்கு நர்ஸ் மாஸ்க்கை ஒரு நிமிஷம் கழட்டினாங்க. நான் பக்கத்துல நின்னேன். மன்னிச்சிடுங்கன்னு சொல்றதுக்காகவே காத்துட்டிருந்தேன், சத்தியமா. அதுக்குள்ள அத்தையே என் விரலைப் பிடிச்சாங்க.

"கோவமா அம்மிணி?"

எனக்கு ஒண்ணும் புரியல.

"எந்திரிக்க ஆகல... அதான். டம்ளரை அப்படி வெச்சுட்டுப் போயிட்டே..."

அந்த வீட்டையே ஆட்டிவெச்ச மனுஷி, மூச்சுக்குத் தவிச்சுட்டு உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரமும், தான் எழுந்து வரலன்னு மருமகளுக்குக் கோவம்னு நினைச்சுட்டு இருந்திருக்காங்க. ஒருவேளை அதனாலதான் இன்னொரு தடவை கூப்பிடலையோ என்னவோ. இல்ல அத்தை, நீங்க திட்டறீங்கன்னு நினைச்சுட்டேன்னு சொல்லணும். வாயைத் திறந்தா அழுகைதான் வந்தது. நர்ஸ் என்னை நகரச் சொல்லிட்டு மாஸ்க்கைத் திரும்ப மாட்டினாங்க. மறுநாள் விடியக்காலம் அத்தை போயிட்டாங்க.

ராமாபுரத்துல இருந்து சொந்தக்காரங்க வேன் வெச்சுக்கிட்டு வந்தாங்க. ரயில்வே ஆபீஸ்ல கூட வேலை பார்த்த ஒருத்தர் கம்பை ஊனிக்கிட்டு வந்து, ஒரு ஓரமா நின்னு அழுதுட்டுப் போனார். அத்தை படிக்கவெச்ச கொழுந்தனாருங்க ரெண்டு பேரும் குழந்தை மாதிரி தரையில உட்கார்ந்துட்டாங்க. வந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தரா என்னைக் கட்டிக்கிட்டு ஒரே வார்த்தையைத்தான் சொன்னாங்க. "மகளாட்டம் பாத்துக்கிட்டியே கண்ணு."

கொஞ்சம் முன்னாடி கொண்டு போயிருந்தா பிழைச்சிருப்பாங்களான்னு நான் இன்னிவரைக்கும் எந்த டாக்டரையும் கேட்கல. கேட்கற தைரியம் வரல. வருஷத் திதிக்கு வர்றவங்க இன்னமும் அதையேதான் சொல்றாங்க, நானும் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டு இலை போடறேன். மகளா இருந்திருந்தா, திட்டினாலும் பரவாயில்லன்னு கிட்டப் போய் ஒரு தடவை முகத்தைப் பார்த்திருப்பேன்.