உள்ளே சத்தம் கேட்கக் கூடாது

என் அக்கா புருஷனை எல்லோரும் பெட்டிக்காரர் என்பார்கள். சவப்பெட்டி செய்கிற பட்டறையில் ரொம்ப வருஷமாக வேலை. "சவ" என்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. வாங்க வருகிறவர்கள்கூட "ஒரு பெட்டி வேணும்" என்பார்கள், ஏதோ பயணம் கிளம்புகிறவர்கள் மாதிரி. நானும் அதே பட்டறையில்தான் இருக்கிறேன். பெட்டிக்கு உள்ளே பொருத்துகிற வெள்ளைத் துணி, பஞ்சு வைத்த ஓரம், தலைமாட்டுக்குச் சின்னத் தலையணை எல்லாம் என் தையல். "படுத்தவங்க யாராவது இதுவரைக்கும் குறை சொல்லியிருக்காங்களா?" என்று வார்னிஷ் அடிக்கிறவர் என்னைக் கேலி செய்வார். எத்தனையோ தடவை கேட்டாயிற்று, இன்னும் சிரிக்கிறேன். சிரிக்காவிட்டால் அந்த இடத்தில் உட்கார்ந்து ஊசி கோக்க முடியாது.

அத்தான் வேலையைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. உயரம், தோளகலம் இரண்டும் தெரிந்தால் போதும், அச்சாகச் செய்துவிடுவார். எங்கள் முதலாளிக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. படியில் இறக்கும்போதோ வளைவில் திருப்பும்போதோ உள்ளே சத்தம் கேட்கக் கூடாது. அந்தச் சத்தம் கேட்டால் தூக்குகிறவர்களும் பின்னால் வருகிறவர்களும் அங்கேயே நின்றுவிடுவார்கள். அத்தான் செய்த பெட்டியில் சத்தம் வந்ததே இல்லை, ஒன்றைத் தவிர. அது என் அக்காவின் பெட்டி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. அத்தான் அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போனார். ஒருவரையும் கிட்டே விடவில்லை. துணிகூட என்னைத் தைக்க விடாமல், வீட்டிலிருந்த மெத்தை விரிப்பை மடித்துத் தானே உள்ளே போட்டுக்கொண்டார். அவர்கள் வீடு மாடியில். மறுநாள் பெட்டியைப் படியில் இறக்கும்போது உள்ளே தடக்கென்று ஒரு சத்தம். அடுத்த படியில் இன்னொன்று. பெட்டி அவ்வளவு அகலம். என் அக்கா உள்ளே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் இடித்துக்கொண்டே இறங்கினாள். பின்னால் வந்த அவள் மகள் காதைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தான் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தலைமாட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டே இருந்தார்.

மகளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போய், கண்ணாடிக் கடையில் ஊர்க்காரர் கண்ணையெல்லாம் சோதித்துச் சொல்கிற வேலையில் இருக்கிறாள், ஆனாலும் எங்களுக்குப் பாப்பாதான். அன்றைக்கு எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பனைப் பார்த்துக் கேட்டாள். "ஊருக்கெல்லாம் அளவு பாத்துச் செய்யறீங்களே, அம்மாவோட அளவு மட்டும் உங்களுக்குத் தெரியாமப் போச்சா?" அதுவரை நீ, வா, போ என்று அவர் தோளில் தொங்கிக்கொண்டு பேசினவள் அவள். அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த மாடிப்படி ஏறவில்லை.

நான் சமாதானம் செய்து பார்த்தேன். "மனுஷன் கலங்கிப் போயிருந்தாரு பாப்பா. கை தவறிடுச்சு."

"கலங்கினவரா? நீயும்தானே பாத்தே சித்தி, கல்லு மாதிரி நின்னாரே."

எனக்குமே அவர் மேல் ஆத்திரம்தான். என் அக்காவை அப்படியா அனுப்புவது?

ஆனால் அந்த மனுஷனைப் பார்த்தால் திட்டவும் முடியாது. அன்றோடு மரத்துப்போய்விட்டார். உளி விரலில் இறங்கி ரத்தம் சொட்டுவதை வார்னிஷ்காரர் சொல்லித்தான் குனிந்து பார்ப்பார். டீ ஆறி ஆடை கட்டின பிறகு, சூடாக இருக்கிற மாதிரி ஊதி ஊதிக் குடிப்பார். நான் கீழ்வீட்டில் இருப்பதால் அவருக்கும் சேர்த்துச் சமைக்கிறேன். ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் கொடுத்துப் பார்த்தேன். சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், போய்ப் படுத்துவிட்டார். சண்டை போடவாவது ஒரு ஆள் வேண்டாமா! சுவரோடு எத்தனை நாள் பேசுவது?

அப்போதுதான் ஒருநாள் மருமகன், பாப்பாவின் புருஷன், ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அவருக்குப் புதிதாக ஒரு கிறுக்கு பிடித்திருந்தது. வீட்டிலேயே காக்டெயில் கலக்குகிறார். லீவு நாளில் கூட்டாளிகளைக் கூப்பிட்டு, மதுவும் பழச்சாறும் ஐஸும் போட்டுக் குலுக்கிக் கொடுக்கிறாராம். குடிப்பது என்னவோ ஆளுக்கு ஒரு கிளாஸ், அதற்குத் தட்டுமுட்டுச் சாமான் ஒரு மூட்டை. குலுக்குகிற ஷேக்கர் ஒன்று, மூடி போட்ட எவர்சில்வர் குவளை. முறுக்கின தண்டோடு முழ நீளத்துக்கு ஒரு கரண்டி. மேலேயும் கீழேயும் வாய் வைத்த அளவுக் கிண்ணம். சுற்றிலும் ஸ்பிரிங் ஓடுகிற வடிகட்டி, எலுமிச்சையை நசுக்கக் குட்டி உலக்கை, ஐஸ் எடுக்க இடுக்கி.

"ஆபரேஷன் பண்ற டாக்டர்கூட இவ்வளவு கொண்டு வர மாட்டாரே மாப்ளே," என்றேன்.

அவர் சிரித்துவிட்டு அத்தானிடம் திரும்பினார். "எல்லாம் அடுக்களை மேடையில உருண்டுக்கிட்டே கிடக்கு மாமா. நிக்க வைக்க ஒரு மர ஸ்டாண்டு செஞ்சு தரணும். கடையில வாங்கினது ஆடுது. பாப்பாதான் சொன்னா, அப்பா செஞ்சா ஆடாதுன்னு."

அத்தான் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஷேக்கரைக் கையில் எடுத்து மூடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். "அவ சொன்னாளா?"

"ஆமா மாமா."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவர் அந்தக் குவளையைக் கீழே வைக்கவே இல்லை. இதைச் சாக்காக வைத்தாவது பாப்பா படியேறி வந்துவிட வேண்டும் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. இந்த மனுஷனுக்கும் அந்த ஆசை உள்ளே எங்கேயோ இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பட்டறையில் பலகைக்கா பஞ்சம்? ஆனால் அவர் தொடவில்லை. "இது வேணாம். இது அதுக்கு அறுத்தது," என்று மரக்கடைக்குப் போய்த் தனியாக ஒரு பலகை வாங்கி வந்தார். மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து வேண்டாம் என்று ஒரு சொல் கேட்டதே எனக்கு அதிசயம். வேலை முடிந்த பிறகு தினமும் கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்தார். அடியில் கனமான கட்டை, அதில் ஷேக்கர் உட்காரக் குழி. இரண்டு பக்கமும் கால் நிறுத்தி மேலே ஒரு பலகை, அதில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு துளை. அட்டையில் வைத்து விளிம்பைப் பென்சிலால் வரைந்து, துளையைக் குடைந்து, இறக்கிப் பார்த்து, எடுத்து, உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, மறுபடி இறக்கல். முடிந்ததும் ஸ்டாண்டைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டினார். சத்தமே இல்லை. வெளியே நாலு கோட்டு வார்னிஷ் அடித்து, கண்ணாடி மாதிரிப் பளபளக்க வைத்து மருமகனிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அத்தான் கேட்கவில்லை. நான் போன் செய்தால் பாப்பா, "வந்துச்சு சித்தி, நல்லாருக்கு," என்று வைத்துவிட்டாள்.

அடுத்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அத்தானுக்குச் சாப்பாடு கொண்டுபோய் மாடியில் வைத்துக்கொண்டிருந்தேன். படியில் செருப்புச் சத்தம். பாப்பா! இரண்டு கையிலும் அந்த ஸ்டாண்டு, சாமான்கள் எல்லாம் அதிலேயே குத்தி நிற்க, மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"உள்ள வாடி," என்றேன்.

"இருக்கட்டும் சித்தி." வாசலைத் தாண்டவில்லை. உள்ளே பார்த்துப் பேசினாள். "எதையும் எடுக்க முடியல. நேத்து நாலு பேரு வந்திருந்தாங்க. அவங்க முன்னாடி ஷேக்கரைப் பிடிச்சு இழுத்தா ஸ்டாண்டே சேந்து மேல வருது. ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்ததுல கரண்டி வளைஞ்சு போச்சு. எல்லாரும் சிரிக்கறாங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அத்தான் எழுந்து வந்து ஸ்டாண்டை வாங்கிச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தார். ஒவ்வொரு துளையின் ஓரத்தையும் விரலால் தடவினார். "கழுவி ஈரத்தோட வச்சீங்களா?"

"பின்ன? கழுவாமலா வைப்பாங்க?"

"மரம் ஊறிடுச்சு. உள்பக்கம் வார்னிஷ் அடிக்கல." பெட்டிக்கு உள்பக்கம் யார் வார்னிஷ் அடிக்கிறார்கள்? அங்கே என் துணி வந்துவிடும். "எடுக்கறதுக்கு இடம் விடணும்னு தோணல. நம்ம வேலையில வச்சா வச்சதுதான்."

பாப்பாவுக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று உள்ளே வந்து மேசைக்கு எதிரே நின்றாள். வாசல் தாண்டியதை அவளே கவனிக்கவில்லை. "ஒரு கரண்டிக்கு மயிரிழை இடம் விடாம அளவெடுக்கத் தெரியுது. நான் அவருகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? எங்கப்பா செஞ்சா ஆடாது, எங்கம்மாவுக்குச் செஞ்சது மட்டும்தான் ஆடும்னு சொன்னேன். ஏம்ப்பா? அம்மான்னா அவ்வளவு இளக்காரமா?"

"பாப்பா!" என்று அதட்டினேன்.

அத்தான் தலை நிமிரவில்லை. வளைந்த கரண்டியின் தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போதும் பேச மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"உங்கம்மா நேராப் படுக்க மாட்டாளே," என்றார்.

"என்னது?"

"நேராப் படுத்தா அவளுக்குத் தூக்கம் வராது. ஒருக்களிச்சு, முட்டிய மடக்கி, கன்னத்துக்கு அடியில கைய வச்சுக்கிட்டு. நீயும் அவ பக்கத்துல படுத்தவதானே. அப்படிப் படுக்கத்தான் அகலமா செஞ்சேன். முட்டிக்கு இடம் விட்டு அளவெடுத்தேன். அளவு தப்பல."

கல்யாணத்துக்கு முன்னால் ஒரே கட்டிலில் அவளோடு படுத்து, அந்த முட்டியால் நான் வாங்காத இடி இல்லை.

"ஆனா நேராத்தானே படுத்திருந்தாங்க," என்றாள் பாப்பா. குரல் இறங்கிவிட்டது.

"எல்லாரும் சேந்து தூக்கி நேரா வச்சுட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். திருப்பிப் படுக்க வைங்கன்னு சொல்லணும். வாய் வரல. வந்துடும் வந்துடும்னு நின்னேன். மூடிட்டாங்க." கரண்டியின் வளைவைக் கட்டைவிரலால் அழுத்தினார். "படியில சத்தம் எனக்கும் கேட்டுச்சு."

"நான் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"அப்பவும் வரல."

பாப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் மூடியிருந்த சாப்பாட்டைத் திறந்தேன், மறுபடி மூடினேன். அத்தான் உள்ளே போய்க் கட்டைச் சுத்தியலையும் உப்புத்தாளையும் எடுத்து வந்தார். ஸ்டாண்டைச் சாய்த்து அடியிலிருந்து மெல்லத் தட்டித் தட்டி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கரண்டியை மடியில் வைத்து நிமிர்த்தினார். உப்புத்தாளை ஒரு குச்சியில் சுற்றித் துளைகளை உள்ளே தேய்க்க ஆரம்பித்தார். பாப்பா ஷேக்கரை இறக்கி எடுத்துப் பார்த்தாள். லேசாக வந்தது.

"இன்னும் கொஞ்சம்," என்றாள்.

தேய்த்தார். அவள் மறுபடி வைத்து எடுத்தாள். "இன்னும் கொஞ்சம்."

எனக்கே தெரிந்தது, போதும் என்று. அவருக்குத் தெரியாதா? அப்படியும் தேய்த்தார். மரத்தூள் மேசையெல்லாம் கொட்டி, என் சாப்பாட்டு மூடி மேலும் விழுந்தது. விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் அவரே நிறுத்தினார். "இதுக்கு மேல வேணாம்மா. இப்பவே லொடலொடன்னு ஆடும். தூக்கிட்டுப் போனா உள்ள சத்தம் கேக்கும்."

"கேக்கட்டும்ப்பா. அது எப்படிப் படுக்கணுமோ அப்படிப் படுத்துக்கட்டும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "இன்னிக்கு இப்படியே எடுத்துட்டுப் போறேன். வர்ற ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன், அப்ப உள்ள வார்னிஷ் அடிச்சுக் குடு. நீ சாப்பிடு முதல்ல, ஆறுது பாரு."

சாமான்களை ஸ்டாண்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். படிக்குப் படி உள்ளே சத்தம். ஷேக்கர் ஒரு பக்கம் இடிக்க, கரண்டி ஒரு பக்கம் இடிக்க, அவள் நிதானமாக இறங்கிப் போனாள். அத்தான் மேல்படியில் நின்று அந்தச் சத்தம் தெருவுக்குப் போகும்வரை கேட்டார். பிறகு அங்கேயே உட்கார்ந்து, படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.